பனி உதறிய கைகள்: நீலகிரி உறைபனிக் காலமும் பெண்களின் உழைப்பும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் காலையில் இளங்கலைத் தமிழ் மாணவிகளுக்கு நெடுநல்வாடை நடத்திக்கொண்டிருந்தேன். மேட்டுப்பாளையத்தில் அன்று இதமான குளிர்தான். மின்விசிறியை நிறுத்தி வைக்கும் அளவுக்கு மட்டும். முதல் மணி முடியும் நேரத்தில் ஒரு மாணவி வாசலில் வந்து நின்றாள். கோத்தகிரிக்கு அப்பாலிருந்து தினமும் பேருந்தில் இறங்கி வருபவள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக ஏற்கெனவே விடுப்பு போட்டுவிட்டேன். ஏன் தாமதம் என்று கேட்டதற்கு, "ராத்திரி உறைபனி கொட்டிருச்சு மேம். வெயில் ஏர்றதுக்குள்ள கேரட்டுக்குத் தண்ணி அடிக்கணும். அம்மாவால ஒத்தையா முடியல" என்றாள். அவள் விரல் நுனிகள் வெடித்துச் சிவந்திருந்தன. சால்வையில் புகை வாசம்.

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். பாடத்தைத் தொடர்ந்தேன். குளிரில் கால்நடைகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்று, நெருப்பைச் சுற்றிக் கூடிக் கைகாயும் கோவலர்களைப் பற்றிய பகுதி அது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கோவலர்களின் நடுக்கத்தை விரிவாக விளக்கினேன். எதிரில் உட்கார்ந்திருந்தவளின் நடுக்கத்துக்கு விடுப்பு போட்டிருந்தேன். அன்று மாலை வீடு திரும்பும்போதுதான் இது எனக்கு உறைத்தது. இந்தக் கட்டுரை அங்கிருந்து தொடங்குகிறது.

பனி என்ற ஒரு சொல்

தமிழில் பனி என்ற சொல் பலவற்றைச் சுமக்கிறது. புல்நுனித் துளியும் பனி, சாலையை மறைக்கும் மூட்டமும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி. நடுங்குவதைப் பனித்தல் என்கிறோம். கண்ணில் நீர் திரள்வதையும் கண் பனித்தது என்கிறோம். ஆண்டை ஆறாகப் பகுத்த நம் முன்னோர் அதில் இரண்டு பருவங்களைப் பனிக்கே கொடுத்தார்கள்: மார்கழி, தை முன்பனி, மாசி, பங்குனி பின்பனி.

நீலகிரிக்காரர்கள் இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறார்கள். பருவத்தின் தொடக்கத்தில் புல்லை நனைத்து நிற்பது நீர்ப்பனி. பிறகு வருவது உறைபனி. வழக்கமாக நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை இதன் காலம். மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் நிலம் பகலில் வாங்கிய வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது; சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. அதனால்தான் மேட்டில் இருக்கும் செடி தப்பிக்க, ஓடையோரத் தாழ்நிலம் வெள்ளையாகிவிடுகிறது. தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற இடங்களில் வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி வரும். சில நாட்களில் அதற்கும் கீழே போகும். சோலை மரங்கள் பள்ளத்தாக்குப் புல்வெளிகளில் பரவாமல் நிற்பதற்கு உறைபனியும் ஒரு காரணம் என்று தாவரவியலாளர்கள் சொல்கிறார்கள். இளங்கன்றுகள் அதைத் தாங்குவதில்லை.

காய்கறி விளையும் நிலங்களில் பெரும்பகுதி இந்தத் தாழ்நிலங்களே. தண்ணீர் கிடைப்பதும் அங்கேதான், பனி தேங்குவதும் அங்கேதான்.

இலக்கியம் கண்டதும் காணாததும்

மீண்டும் நெடுநல்வாடைக்கு வருகிறேன். பத்துப்பாட்டில் ஒன்றான இது நக்கீரர் பாடியது. 188 அடிகள் கொண்டது. கூதிர்க்காலத்தின் குளிரை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய பழந்தமிழ்ப் பனுவல் வேறில்லை என்பது என் எண்ணம். விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, குரங்குகள் கூனிக் குறுகுகின்றன, பால் குடிக்க வரும் கன்றைத் தாய்ப்பசு உதைத்துத் தள்ளுகிறது. பெண்கள் வருகிறார்கள், ஆனால் வீட்டுக்குள். பொழுது தெரியாத அந்த மந்தாரத்தில், தட்டில் வைத்த மலர் அரும்புகள் விரிவதைக் கொண்டு மாலை வந்ததை அறிந்து விளக்கேற்றுகிறார்கள். அரண்மனையில் அரசி கணவனைப் பிரிந்து கட்டிலில் கிடக்கிறாள். பணிப்பெண்கள் ஆறுதல் சொல்கிறார்கள்.

நக்கீரர் நுட்பமான பார்வையுடையவர். குளிரில் வாழ்வோர் வீட்டிற்குள் நெருப்பிட்டுக் காய்ந்த அகன்ற வாய்ப் பாத்திரத்தைக்கூட அவர் விடவில்லை. அதை அவர் தடவு என்கிறார். நீலகிரி வீடுகளில் இன்றும் கரி இட்டுக் காயும் கும்பட்டியை அது நினைவூட்டுகிறது. ஆனால் அந்தக் கோவலர்களின் வீட்டுப் பெண்கள் அன்று என்ன செய்துகொண்டிருந்தார்கள்? உதைத்துத் தள்ளிய பசுவிடமிருந்து பாலைக் கறந்தவர் யார்? ஈரவிறகை ஊதி அடுப்பைப் பற்ற வைத்தவர் யார்? பனுவல் சொல்லவில்லை.

தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் உரிய காலமாகச் சொல்கிறது. தேனெடுப்பது, தினைப்புனம் காப்பது, கிழங்கு அகழ்வது ஆகியவற்றை அந்த நிலத்தின் தொழில்களாக இலக்கண நூல்கள் கருப்பொருளில் வைக்கின்றன. தினைப்புனத்தில் கிளி ஓட்டும் பெண்ணை நாம் நூற்றுக்கணக்கான பாடல்களில் சந்திக்கிறோம். அவள் அங்கே இருப்பது தலைவன் வந்து சந்திப்பதற்காக. அறுவடை முடிந்தால் காவல் முடியும், காவல் முடிந்தால் சந்திப்பு முடியும் என்ற அளவில்தான் அவள் வேலை பேசப்படுகிறது. உழைப்பு கருப்பொருள், காதல் உரிப்பொருள். இருபது ஆண்டுகளாக இந்தப் பாகுபாட்டைக் கேள்வி கேட்காமல் நடத்திவந்தவள் நான்.

நானே எழுதிய கவிதைகளிலும் உறைபனி மல்லிகைப்பூவாகவும் வெள்ளைச் சேலையாகவும்தான் வந்தது. உதகைக்கு ஒரு கவியரங்குக்குப் போன இடத்தில், அறை ஜன்னலிலிருந்து பார்த்த பனி அது. ஜன்னலுக்கு அந்தப் பக்கத்தில் யாரோ அதை உதறிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஓர் உறைபனிக் காலையின் வேலைகள்

அந்த மாணவி சொன்னதையும், பிறகு அவள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் பெண்களிடம் கேட்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

வேலை முதல் நாள் மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. வானம் தெளிந்து, காற்று நின்றுவிட்டால் அன்றிரவு பனி விழும் என்பது அவர்களுக்குத் தெரியும். தேயிலை வைத்திருப்பவர்கள் பெரணியையும் காய்ந்த புல்லையும் வெட்டிச் சுமந்துவந்து செடிகளின் தலையில் பரப்புகிறார்கள். கவ்வாத்து செய்து புதிதாகத் துளிர்க்கும் செடிக்கும் நாற்றங்காலுக்கும் முதலில் மூட வேண்டும். வெட்டுவது, கட்டுவது, தலையில் ஏற்றுவது, பரப்புவது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் வேலை. பகலில் கொழுந்து பறித்துவிட்டு வந்த பிறகு செய்யும் வேலை.

விடியலுக்கு முன் அடுத்த கட்டம். இலைமேல் படிந்த பனியை வெயில் படுவதற்குள் கரைத்துவிட வேண்டும். உறைந்த இலையில் சூரியன் நேராக விழுந்து பனி சட்டென்று உருகினால் இலை கருகிவிடும். எனவே கேரட், பீட்ரூட், உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு ஐந்து மணியிலிருந்து தண்ணீர் தெளிக்கிறார்கள். வசதியுள்ளவர்களுக்கு ஸ்பிரிங்ளர் சுழல்கிறது. அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு ஒரு ஹோஸ், ஒரு வாளி, இரண்டு கைகள். இரவெல்லாம் வெளியே கிடந்த ரப்பர் ஹோஸ் விறைத்திருக்கும். குழாயில் நின்ற தண்ணீர் உறைந்திருக்கும். வெந்நீர் கொண்டுவந்து ஊற்றி இளக்க வேண்டும். அந்த வெந்நீருக்கு விறகு வேண்டும்.

இதற்கிடையில் கட்டுத்தரை. மாட்டின் மேல் போர்த்திய சாக்கை எடுத்து உதறி, நனைந்த சாணத்தை வழித்து, பனி ஈரம் இல்லாத தீனி போட வேண்டும். குளிரில் பசு பாலை எளிதில் சுரக்காது. மடியில் வெந்நீர்த் துணி ஒற்றிக் கறக்க வேண்டும். பிறகு சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், ஏழரை எட்டு மணிக்குள் கூலி வேலைக்குக் கிளம்புதல். "பனி விழாத நாள்ல மூணு வேலை, விழுந்த நாள்ல அஞ்சு வேலை. சம்பளம் ஒண்ணுதான்" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னார். என்னை விடப் பத்து வயது மூத்தவர் என்று நினைத்து அக்கா என்று அழைத்தேன். பிறகு கேட்டபோது என்னைவிட இரண்டு வயது இளையவர்.

கருகிப்போன தேயிலையில் மீண்டும் கொழுந்து வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பறிக்க இலை இல்லை. பறிப்புக் கூலியும் இல்லை. பனியின் இழப்பை ஏக்கரில் கணக்கிடுகிறோம். வேலையிழந்த நாட்களில் கணக்கிட்டால் அந்த இழப்பில் பெண்களின் பங்கு தெரியவரும்.

கொண்டுவந்தவர் யார், விளைவித்தவர் யார்

நீலகிரியின் வரலாறு பெரும்பாலும் ஒரு பெயரில் தொடங்கும். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். உருளைக்கிழங்கையும் ஐரோப்பியக் காய்கறிகளையும் அங்கே அறிமுகப்படுத்தினார் என்று படிக்கிறோம். அவர் மலைமக்களின் நில உரிமைக்காகவும் வாதாடியவர் என்பதை மறுப்பதற்கில்லை. நான் கவனிக்கச் சொல்வது வாக்கியத்தின் எழுவாயை. கொண்டுவந்தார், அறிமுகப்படுத்தினார், நிறுவினார். இந்த வினைமுற்றுகளுக்குப் பின்னால் மண் அணைத்தவர், களை எடுத்தவர், பனியில் தண்ணீர் தெளித்தவர் ஒருவரும் எழுவாயாக வருவதில்லை.

சல்லிவன் வருவதற்கு முன்பே படகர் ஊர்களில் ராகியும் சாமையும் விளைந்தன. ஆண்கள் உழுதார்கள், களையெடுப்பு, அறுவடை, தானியம் பக்குவப்படுத்துதல் ஆகியவற்றில் பெரும்பங்கு பெண்களுடையது. கோத்தர்களிடையே மண்பானை வனைவது பெண்களின் தொழில். தோடர்களின் நிலை வேறு. எருமைப் பால் சார்ந்த வேலைகள் அவர்களுக்குப் புனிதமானவை. அவை ஆண்களுக்கு மட்டும் உரியவை. பால்மடத்துக்குள் பெண்கள் நுழைவதில்லை. மோர் வாங்கக்கூட அவர்களுக்கென்று வகுக்கப்பட்ட வழியில்தான் வருவார்கள். மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட தோடர்களைப் பற்றிய பெருநூலில் பால்மடச் சடங்குகள் பக்கம் பக்கமாக விரிகின்றன. குளிர்காக்கும் புத்துக்குளியில் பெண்கள் போடும் பூவேலை உலக அளவில் கவனம் பெற நெடுங்காலம் ஆயிற்று. அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013இல்.

இதில் எனக்குப் பட்டது ஒன்று. ஒரு வேலை புனிதமாகும்போது அது ஆணுடையதாகிறது, ஆவணமாகிறது. பெண் செய்யும்போது அது வழக்கமான வீட்டுவேலை ஆகிவிடுகிறது. இது தோடர்களுக்கு மட்டும் உரிய குறை என்று சொல்ல வரவில்லை. நம் கொங்கு நாட்டிலும் ஏர் பூட்டுவதற்குப் பொன்னேர் என்று சடங்கு உண்டு. சாணி வழிப்பதற்குச் சடங்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைரயில் ஓடத் தொடங்கியது. 1908இல் உதகை வரை நீண்டது. இந்த ஊர் மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான வாசலானது. மலையில் விளைந்த கிழங்கும் காய்கறியும் இங்குள்ள மண்டிகளில்தான் ஏலம் போய்த் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் பிரிகின்றன. என் அம்மிச்சி இங்கே ஒரு கிழங்கு மண்டியில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தவர். பெரியது, நடுத்தரம், பொடி, வெட்டுப்பட்டது என்று நாலாகப் பிரிக்க வேண்டும். "மூட்டையப் பிரிச்சா மலைக்குளிர் அதுக்குள்ளயே இருக்குங் கண்ணு" என்பார். மார்கழி, தையில் அவர் விரல்களும் வெடித்திருக்கும். தேங்காய் எண்ணெய் தடவிவிடுவது என் வேலை. அந்த மாணவியின் விரல்களை வகுப்பில் பார்த்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நுவரெலியாவிலிருந்து கோத்தகிரிக்கு

மாணவியின் அப்பாயி நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். அங்கும் ஆண்டின் தொடக்க மாதங்களில் தரை வெளுக்கும் பனி உண்டு. அங்கும் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து மலைக்கு முதலில் ஏறுபவர்கள் பெண்கள்தான்.

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவர்களை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். கடல் கடந்து மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் ஆயிரக்கணக்கானோர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாக்கப்பட்டன. அவையே பின்னர் டான்டீ ஆயின. அந்தத் தோட்டங்களில் இடம் கிடைக்காதவர்கள் காய்கறித் தோட்டங்களில் கூலிகளானார்கள், சிலர் குத்தகைக்கு நிலம் பிடித்தார்கள்.

இரு அரசுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எந்தத் தோட்டப் பெண்ணிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. ஒரு பனிமலையிலிருந்து பெயர்க்கப்பட்டு இன்னொரு பனிமலையில் நடப்பட்டார்கள். அப்பாயிக்கு இங்கே பனியை எப்படிச் சமாளிப்பது என்று யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை, அங்கிருந்தே கொண்டுவந்திருந்தார். அந்த அறிவை எந்த மறுவாழ்வுப் படிவமும் கேட்கவில்லை.

சட்டம் எட்டும் தூரம்

குளிரில் உழைப்பவரைச் சட்டம் அறவே மறந்தது என்று சொல்ல முடியாது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காத்துக்கொள்ளத் தொழிலாளருக்குக் குடை, கம்பளி, மழைச்சட்டை போன்றவை தரும்படி விதி செய்ய மாநில அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தது. மாலை 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை, மாநில அரசின் அனுமதி இல்லாமல் பெண்களைத் தோட்ட வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்றும் சொன்னது. குழந்தைக் காப்பகமும் அதில் இருந்தது. இவை தொழிற்சங்கங்களும் தோட்டப் பெண்களும் போராடிப் பெற்ற உரிமைகளின் தடங்கள்.

ஆனால் இந்தச் சட்டத்தில் தோட்டம் என்பதற்கு அளவு இருந்தது. 1981 திருத்தத்துக்குப் பிறகுகூட, குறைந்தது 5 ஹெக்டேர் பரப்பும் 15 தொழிலாளர்களும் இருக்க வேண்டியிருந்தது. பயிரும் தேயிலை, காப்பி, ரப்பர் போன்றதாக இருக்க வேண்டியிருந்தது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் சிறுதேயிலை இதற்குள் வரவில்லை. கேரட் வயல் வரவே இல்லை. நீலகிரியில் பல இடங்களில் கேரட் அறுவடை நள்ளிரவுக்குப் பின்னரே தொடங்குகிறது. காலை ஏலத்துக்குள் பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி மேட்டுப்பாளையத்துக்கு இறக்கியாக வேண்டும். பிக்கப் வண்டிகளில் நின்றபடி பெண்களும் போகிறார்கள். பனி இறங்கும் அதே மணி நேரங்களில், தலைவிளக்கு வெளிச்சத்தில், உறைந்த மண்ணைக் கையால் பற்றிப் பிடுங்குகிறார்கள். ஒரே மலைச்சரிவில், வேலியின் ஒரு பக்கம் பெண்ணின் இரவு வேலைக்குச் சட்டம் தடை போட்டது. மறுபக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976இலேயே வந்தது. காய்கறி வயலில் இன்றும் ஆண் கூலி ஒன்று, பெண் கூலி ஒன்று.

நிவாரணமும் இப்படித்தான். தேசியப் பேரிடர் நிவாரணப் பட்டியலில் உறைபனியும் குளிர் அலையும் இடம்பெற்றிருக்கின்றன. பயிர் கருகினால் இழப்பீடு கேட்கலாம். கேட்பதற்குப் பட்டா, சிட்டா, அடங்கல் வேண்டும். 1989இல் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை கொடுத்தது. நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. உரிமை வந்த பிறகும் பட்டாவில் பெண் பெயர் ஏறியிருக்கும் வீடுகளை நான் போன ஊர்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம். குத்தகைதாரருக்கோ பட்டாவே கிடையாது. இரவில் மூடியவளும் விடியலில் தண்ணீர் தெளித்தவளும் அலுவலகக் காகிதத்தில் விவசாயி அல்ல. வீட்டில் அவள் கணவனைக் கேட்டால், "நான்தான் விவசாயம் பாக்கறேன். இவ கூடமாட ஒத்தாசை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கற்றுத்தரப்பட்ட கணக்கு அது.

பார்வையாளரும் பனியும்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர், ஜனவரியில் செய்தித்தாள்கள் "மினி காஷ்மீரான ஊட்டி" என்று தலைப்பிடுகின்றன. புல்வெளியில் படிந்த வெள்ளையைக் கையில் அள்ளும் சுற்றுலாப் பயணிகளின் படம் வருகிறது. அடுத்த பத்தியில் தேயிலை கருகியதாக இரண்டு வரி. பனியைப் பார்த்து மகிழ்வது குற்றமில்லை. இந்த ஊரிலிருந்து நானும் அதற்காக முதல் பேருந்து பிடித்துப் போயிருக்கிறேன். அந்தப் படத்தின் சட்டகத்தைச் சற்று அகலமாக்கினால் பின்னால் ஹோஸ் பிடித்து நிற்கும் ஒரு பெண் உள்ளே வருவாள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அந்த மாணவியின் விடுப்பை நான் திருத்தினேன். அதனால் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. அடுத்த வாரம் அவள் மீண்டும் தாமதமாக வந்தாள். பனி மீண்டும் விழுந்திருந்தது. ஆனால் அந்தப் பருவத்தின் ஒப்படைப்பை மாற்றினேன். நெடுநல்வாடையின் இயற்கை வருணனை என்ற பழைய தலைப்பை எடுத்துவிட்டு, உங்கள் வீட்டில் குளிர்காலக் காலையில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை மணிவாரியாக எழுதிவரச் சொன்னேன். சமவெளிப் பிள்ளைகளும் எழுதினார்கள்: வாசல் தெளிப்பது, கறவை, பூ பறிப்பு, மில்லுக்கு ஷிப்ட் போகும் அம்மா. நாற்பத்திரண்டு தாள்கள் வந்தன. அவற்றில் முப்பத்தொன்பது வீடுகளில் முதலில் எழுந்தவர் ஒரு பெண்.

மலை மாணவி தன் தாளில் அம்மாவின் காலை 4 மணியிலிருந்து 8 மணி வரை எழுதியிருந்தாள். தண்ணீர் தெளிக்கும் வேலைக்கு நேராக, எத்தனை பாத்தி, எத்தனை வாளி என்றும் குறித்திருந்தாள். கீழே ஒரு வரி: "எழுதும்போது அம்மாவிடம் கேட்டேன். இதையெல்லாம் எதுக்குடி எழுதுற என்றார். படித்துக் காட்டினேன். ஒரு வேலையை விட்டுவிட்டாய் என்று சொல்லிச் சேர்க்கச் சொன்னார்."

சேர்க்கச் சொன்னது, ஹோஸைச் சுருட்டி வீட்டுக்குள் வைப்பது. மறுநாள் விறைக்காமலிருக்க.

அந்த நாற்பத்திரண்டு தாள்களும் என்னிடம் இருக்கின்றன. இதைப் படிக்கும் மாணவிகளிடமும் ஆசிரியைகளிடமும் நான் கேட்பது இதைத்தான். உங்கள் வீட்டிலும் ஊரிலும் இப்படி ஒரு தாளைத் தொடங்குங்கள். நேரம், வேலை, செய்தவர் பெயர் என மூன்று கட்டங்கள் போதும். எழுதி முடித்ததும் அவரிடம் படித்துக் காட்டுங்கள். விட்டுப்போனதை அவர் சொல்வார்.